செட்டுக் கட்டாத கல்யாணம்

என் பிழைப்பில் மண்ணைப் போட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதப் போகிறேன். நன்றாகத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் கல்யாணத்தன்று நடந்ததை நினைத்தாலே சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. சிரித்துக்கொண்டே திட்ட எனக்கு வராது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சோலையப்பன். திருவரங்குளம் பக்கத்தில் தச்சங்கொல்லை என்ற ஊரில் மைக் செட்டு வாடகைக்கு விடுகிறேன். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எது நடந்தாலும் தென்னை மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிற குழாய் என்னுடையதாகத்தான் இருக்கும். எங்கள் பக்கம் விசேஷ வீட்டுக்கு யாரும் வழி கேட்பதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, பாட்டு வருகிற திசையில் நடந்தால் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற வம்பு முழுக்க இதனால்தான்.

அந்தப் பெண் அன்புச்செல்வி. வீரய்யா சித்தப்பாவின் மகள், எனக்குத் தங்கச்சி முறை. பார்மசி படித்துவிட்டு, திருவரங்குளம் கடைத்தெருவில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவள் ஒரு மாதிரி என்று ஊரில் பேச்சு. யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டாள். வேட்டுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். சந்தோஷம் வந்துவிட்டால் இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, ஈரக் கையை உதறுவது போல உதறிக்கொண்டே இருப்பாள். உடனே அவள் அம்மா காத்தாயி சின்னாத்தா பாய்ந்து வந்து அந்தக் கைகளைப் பிடித்து அமுக்குவாள்.

"கைய மடியில வைடி. ஊரே பாக்குது."

பள்ளிக்கூட ஆண்டு விழா, பரீட்சை முடிவு, முதல் சம்பளம் என்று மகளுக்குச் சந்தோஷம் வந்த இடத்துக்கெல்லாம் பின்னாலேயே சின்னாத்தாவின் கையும் வந்தது. பாவம், அவளும் என்ன செய்வாள், ஊர்வாய்க்குப் பயந்தவள்.

இருபத்தேழு வயதில் அன்புச்செல்வி தானாகவே திருச்சிக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தாள். ஆட்டிசம் என்று சொன்னார்களாம். நாமாக இருந்தால் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொள்வோம். அவள் லட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இம்புட்டு நாளா நான் ஏன் இப்படி இருக்கேன்னு தெரியாம இருந்துச்சுண்ணே. இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்று எனக்கும் ஒன்று கொடுத்தாள். அப்போதும் கை உதறியதில் லட்டு பாதி உதிர்ந்துவிட்டது.

மறுநாளே மெடிக்கல் கவுண்டரில் ஒரு போர்டு முளைத்தது. 'எனக்கு ஆட்டிசம் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் கண்ணைப் பார்க்காவிட்டால் கோபம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மாத்திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.'

வீரய்யா சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "இதப் போயி ஊருக்கே தம்பட்டம் அடிக்கணுமாத்தா?"

"தம்பட்டம் அடிச்சா சத்தம் வரும்பா. அதான் போர்டு" என்றாள் அவள்.

முதல் வாரம் கடைத்தெருவில் காய்ச்சல் உள்ளவனும் இல்லாதவனும் அந்த போர்டைப் படிக்க வந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல வேறு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிற கல்லூரிப் பையனின் அம்மா, ஒரே சட்டையைத்தான் போடுவேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளையின் அப்பா. எல்லாருக்கும் மாத்திரையோடு கொஞ்ச நேரம் பேச்சும் கிடைத்தது. அவளைக் கேலி செய்து கை உதறிக் காட்டிய கடைத்தெருப் பிள்ளைகள்கூட, நாளாக ஆக அதையே வணக்கம் மாதிரி வைத்துக்கொண்டார்கள். அவள் ஸ்கூட்டியில் போனால் தெரு நெடுகக் கைகள் உதறும்.

அதோடு விட்டாளா? கல் குவாரிக்காரர்கள் மாட்டுகிற மாதிரி ரோஸ் கலரில் ஒரு காது மூடி வாங்கி மாட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து நின்றாள்.

"என்ன பாட்டு கேக்குற தங்கச்சி?" என்றேன்.

"பாட்டு கேக்கலண்ணே. ஒங்க பாட்டு கேக்காம இருக்கத்தான் இது."

எனக்குச் சுருக்கென்றது. அவள் பாட்டுக்குத் தொடர்ந்தாள். "ஒங்க செட்டுல எல்லா மைக்கையும் ஒண்ணா தெறந்துவிட்டா என்னாகும்?"

"ஊளையிடும்."

"என் தலைக்குள்ள அப்படித்தான். ஃபேன் சத்தம், பஸ் சத்தம், நீங்க பேசுறது, எல்லாமே ஒரே வால்யூம். கொறைக்கிற திருகு எனக்கு வெளியில இல்ல. அதனால திருவிழாவுல சாயங்காலம் ஒரு மணி நேரம் செட்ட நிறுத்துங்க. எங்கள மாதிரி ஆளுக வந்து சாமி பாத்துட்டுப் போறோம்."

ஊர்க்கூட்டத்திலும் போய் இதையே சொன்னாள். யார் முகத்தையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். முடியாது என்று சொல்லவே முடியாதபடி, வரப்போகிறவர்களின் பெயரை வீட்டுப் பெயரோடு சொன்னாள். அந்த வருஷம் என் குழாய் ஒரு மணி நேரம் வாயை மூடியது. தைலமரக் காட்டுப் பக்கத்து அண்ணன் ஒருவர், நாற்பது வயதிருக்கும், அன்றுதான் முதல்முறையாகத் திருவிழாவில் அம்மனைக் கிட்டத்தில் பார்த்தார். பார்த்துவிட்டுத் தேங்காய் மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். நான் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்து சுண்டல் தின்றேன்.

இந்தச் சமயத்தில்தான் செம்மல் வந்து சேர்ந்தான். மணமேல்குடிக்காரன். இங்கே இன்டர்நெட் கேபிள் இழுக்கிற வேலை. தலைவலித் தைலம் வாங்க வந்தவன் போர்டைப் படித்தான். படித்ததோடு, அதன்படி நடக்கவும் செய்தான். ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. பெயர் கேட்க ஒரு நாள், ஊர் கேட்க ஒரு நாள், டீ பிடிக்குமா காபி பிடிக்குமா என்று கேட்க ஒரு நாள். 'என்னைக் கட்டிக்கிறீங்களா' என்ற கேள்விக்கு அவன் வந்து சேர்வதற்குள், அவன் அறையில் ஒரு அலமாரி நிறையத் தைலமும் இருமல் மருந்தும் சேர்ந்துவிட்டன. "நாளைக்குச் சொல்றேன்" என்றாள். மறுநாள் சரி என்று சொல்லிக் கையை உதறியதில் ஒரு டானிக் பாட்டில் போய்விட்டது.

நிச்சயதார்த்தம் வந்தது. வீரய்யா சித்தப்பா மகளிடம் மூச்சுவிடாமல் என்னிடம் வந்து, "அதெல்லாம் புள்ள ஒத்துக்கிருச்சு, நாலு குழாயும் கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டினேன். காத்தாயி சின்னாத்தா காது மூடியை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள், பெண்ணுக்கு அழகாக இருக்காதாம். தட்டு மாற்றுகிற நேரத்தில் அன்புச்செல்வி விருட்டென்று எழுந்தாள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய், காதைப் பொத்திக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். யார் கூப்பிட்டும் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு கிளம்பியது. செம்மலின் தாய்மாமன் உதயசூரியன், படகும் ஐஸ் கம்பெனியும் வைத்திருக்கிற பெரிய மனிதர், பந்தலின் நடுவில் நின்று சொன்னார்: "நிச்சயத்துல எந்திரிச்சுப் போன பொண்ணு தாலி கட்டுறப்பவும் எந்திரிச்சுப் போனா, நாங்க மூஞ்சிய எங்கிட்டு வச்சுக்கிறது? எங்க மொறப்படி தாலி நான்தான் கொண்டாருவேன். பொண்ணு ஒருக்கா எந்திரிச்சாலும் சரி, வந்த பஸ்ஸுலயே தாலியோட திரும்பிருவேன்."

கூட்டம் கலைந்த பிறகு, கொட்டகைப் பக்கமிருந்து வந்து அன்புச்செல்வி பதில் சொன்னாள். "செட்டும் மேளமும் இல்லாம நடத்துங்க. நான் எந்திரிக்க மாட்டேன். எந்திரிச்சா நீங்க தாலியக் கொண்டுட்டுப் போங்க." செம்மல் பக்கத்தில் நின்று சரி என்று தலையாட்டினான்.

எனக்குத் தாங்கவில்லை. செட்டு இல்லாமல் ஒரு கல்யாணமா? நேராகவே கேட்டேன். அதற்கு அவள் சொன்னது இதுதான்.

"நான் இதுவரைக்கும் எந்த விசேஷத்தையும் முழுசாப் பாத்ததில்லண்ணே. எல்லாத்துலயும் பாதியில ஓடிருக்கேன். என் கல்யாணத்தையாவது கடைசி வரைக்கும் ஒக்காந்து பாக்கணும். ஒங்களுக்கும் அன்னைக்கி லீவு. வந்து நாற்காலியில ஒக்காருங்க."

லீவாம். நான் அந்தக் கடுப்பில் அதே நாளில் பக்கத்து ஊர் வடகொல்லையில் ராக்கன் வீட்டுக் காதுகுத்துக்கு நாலு குழாயையும் பேசி முடித்தேன். என்னிடம் வேலை பார்க்கிற பீட்டரை அங்கே அனுப்பிவிட்டு, நான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனேன்.

பிறந்ததிலிருந்து அப்படி ஒரு பந்தலை நான் பார்த்ததில்லை, அதாவது கேட்டதில்லை. சேலை சரசரப்பது கேட்டது. கொல்லையில் அப்பளம் பொரிவது கேட்டது. வழக்கமாகப் பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப்போகிற புறணி எல்லாம் பந்தலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தெளிவாகக் கேட்டுத் தொலைத்தது. "அவ கழுத்துல கெடக்குறது கவரிங்கு" என்று ஒரு அத்தை கிசுகிசுக்க, கவரிங்குக்காரி மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். சேந்தாக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு மெதுவாக வந்து, வீரய்யா சித்தப்பாவின் இரண்டு கையையும் பிடித்து, கலங்கிய குரலில் கேட்டார்: "எத்தனை மணிக்குத் தூக்குறீங்க?"

சித்தப்பா கைகளை வெடுக்கென்று உருவிக்கொண்டார். நான் பெரியவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கேசரி கொடுத்து, யாரும் சாகவில்லை, இது கேதம் இல்லை, கல்யாணம் என்று விளக்கினேன். "அப்பறம் ஏன்யா பாட்டக் காணோம்?" என்றார் அவர். அந்தக் கேள்வியில் எனக்கு ரொம்பவே திருப்தி.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். செம்மலும் அவன் பெற்றோரும் முதல் நாளே வந்துவிட்டார்கள். மற்ற சொந்தபந்தம் எல்லாம், தாலித் தட்டோடு உதயசூரியன் தலைமையில், காலையில் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. ஒன்பது மணிக்கு அன்புச்செல்வி மணையில் உட்கார்ந்தாள். தலையில் மல்லிகை, அதற்கு மேல் ரோஸ் காது மூடி. இந்த முறை அரிசிப் பானையில் அவளே தேடி எடுத்திருந்தாள். சின்னாத்தா காவல்காரி மாதிரி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

ஒன்பதரை ஆயிற்று. பஸ் வரவில்லை. செம்மல் மாமனுக்குப் போன் அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. பஸ்ஸில் வந்த ஒவ்வொருவருக்காக அடித்தான். ஒருவரும் எடுக்கவில்லை. பத்து மணி நெருங்கியது.

"உள்ள போயி செத்த சாஞ்சுக்கத்தா" என்றாள் ஒரு சித்தி.

"எந்திரிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் அன்புச்செல்வி. கால் மரத்துப்போய் முகம் கோணியது. அப்போதும் அசையவில்லை.

வீரய்யா சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். "சோல, ஒங்கடையில ஒத்தக் குழாயாவது கெடக்கும்லடா? கொண்டாந்து அஞ்சு நிமிஷம் ஒரு பாட்டப் போடு. ரோடு பிரியிற மொக்கத்துல எங்கயாச்சும் பஸ்ஸு நின்னா சத்தத்தைக் கேட்டு வந்துருவாங்க. இல்லாட்டி என் மக கல்யாணம் நின்னுபோகும்டா."

அவர் கிசுகிசுத்ததும் மணை வரைக்கும் கேட்டுவிட்டது.

"அப்பா, குழாய் போட்டா எந்திரிச்சிருவேன்" என்றாள் அவள். "வேணும்னு இல்லப்பா. கால் தானா எந்திரிச்சிரும். அப்பறம் அவுக வந்தும் புண்ணியமில்ல."

இரண்டு கையாலும் மணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு பக்கம் பரிதாபம், ஒரு பக்கம் எரிச்சல். பாட்டு போட்டால் பெண் எழுந்துவிடுவாள், போடாவிட்டால் தாலி வராது. இப்படி ஒரு சிக்கலை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து முந்திரிக்காட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பியது. அதில் ஒரு பாட்டு மிதந்து வந்தது. பாட்டு என்னவோ யாருடையதோ, குழாய் என்னுடையது. வலது பக்கத்துக் குழாயில் ஒரு கரகரப்பு உண்டு, அதை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். பளிச்சென்று எல்லாம் விளங்கிவிட்டது. அடப்பாவிகளா என்று கத்திக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

வடகொல்லையில் ராக்கன் வீட்டு வாசலில் அந்த பஸ் நின்றது. முன் கண்ணாடியில் 'செம்மல் – அன்புச்செல்வி' என்று ஜிகினா எழுத்து. பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மொக்கத்தில் டிரைவர் போனில் வழி பார்க்கப் போக, உதயசூரியன் அதட்டினாராம்: "கல்யாண வீட்டுக்கு எதுக்குடா போன்ல வழி பாக்குற? காதத் தீட்டிக் கேளு, அந்தா பாட்டுக் கேக்குது பாரு." செட்டு வேண்டாம் என்று பேசி முடித்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எப்படியும் கடைசியில் கட்டாமலா இருப்பார்கள் என்று நினைத்துவிட்டார். நிச்சயத்துக்கு ராத்திரியில் வந்து போனவர்களுக்குப் பந்தல் போட்ட வீடெல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. ராக்கனுக்கோ கூட்டம் குறைவாக இருக்கிறதே என்ற கவலை. ஒரு பஸ் நிறைய ஆள் இறங்கியதும் வாயெல்லாம் பல்லாகி, நேராகப் பந்திக்கு அனுப்பிவிட்டார். இலையில் கிடாக்கறி. "பொண்ணு வீட்டுக்காரங்க காலையிலயே கறி போடுறாங்கப்பா, பரவாயில்ல" என்று பாராட்டிக்கொண்டே ஒரு கட்டுக் கட்டியிருக்கிறார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் கறி எந்த வீட்டில் போடுவார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம் பீட்டர் மைக்கில் கூப்பிட்டிருக்கிறான்: "தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்." உதயசூரியன்தான் தாய்மாமன் ஆயிற்றே. தாலித் தட்டை எடுத்துக்கொண்டு கம்பீரமாக ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டார். ராக்கனின் நிஜ மச்சினன் ஐஸ்கட்டி வாங்க ஆலங்குடி போயிருந்தான். வெளியூர் ஆசாரிக்கு யார் முகமும் தெரியாது, அவருக்கு இன்னும் ரெண்டு வீடு பாக்கி. மொட்டை போட்ட ஒரு குழந்தையைத் தூக்கி இவர் மடியில் வைத்து, ஏன் எதற்கு என்று இவர் கேட்பதற்குள் ஒரு காதைக் குத்திவிட்டார்.

நான் உள்ளே நுழைந்தபோது மேடையில் இந்தக் காட்சிதான். குழந்தை உயிர் போகிற மாதிரி அலறியது. உதயசூரியனின் தலைக்கு நேர் மேலே என் கரகரப்புக் குழாய். அவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். நாலு பெண்கள் தோளைப் பிடித்து அமுக்குகிறார்கள்.

"ஒத்தக் காது குத்தியாச்சு. மறுகாதும் இந்த மடியிலதான். நீங்க யாரா இருந்தாலும் சரி, இப்ப எந்திரிச்சா புள்ளைக்கு ஆகாது" என்றார் ராக்கன்.

"அய்யா, அந்தக் குழாய நிறுத்தச் சொல்லுங்கய்யா! மண்டைக்குள்ள எறங்குதுய்யா!" என்று உதயசூரியன் கத்தினார். கண்ணில் நீர் கோத்துவிட்டது.

நான் பீட்டரிடமிருந்து மைக்கை வாங்கினேன். "மணமேல்குடியிலிருந்து செம்மல் கல்யாணத்துக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களின் கனிவான கவனத்திற்கு. நீங்கள் சாப்பிட்டது காதுகுத்துக் கறி. கல்யாணம் தச்சங்கொல்லையில். எந்த வீட்டில் பாட்டு கேட்கவில்லையோ, அந்த வீட்டுக்கு உடனே வரவும்." சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசேஷம் அவர்களுடையது அல்லவா?

பத்து இருபதுக்கு பஸ் தச்சங்கொல்லை வந்தது. கறி வாசனையோடு ஒரு கூட்டம் சத்தமில்லாமல் பந்தலுக்குள் நுழைந்தது. சட்டையில் சந்தனமும் மூக்குச்சளியுமாக, தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உதயசூரியன் மணைக்கு முன்னால் வந்து நின்றார். பந்தலின் அமைதியில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"ஒம்பது மணியிலேருந்து எந்திரிக்கவே இல்லயாத்தா நீ?"

"இல்ல. நீங்க?"

"எந்திரிக்கத்தான் பாத்தேன். விடமாட்டேன்னுட்டாளுக" என்று சொல்லிக் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "அன்னைக்கி நிச்சயத்துல ஒனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

அன்புச்செல்வி கொஞ்சம் யோசித்தாள். முகத்துக்காக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவள் அவள். "இதவிட ஜாஸ்தி" என்றாள்.

அவர் குனிந்து தட்டை அவள் முன்னால் வைத்தார். செம்மல் தாலியைக் கையில் எடுத்தான். பின்வரிசையில் எவனோ ஒருவன் பழக்கதோஷத்தில் "கெட்டிமேளம்!" என்று ஆரம்பித்தான்.

"எவன்டா அது? மூச்!" என்றார் உதயசூரியன்.

பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கைகளில் அட்சதை. ஆனால் எப்போது போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை, மேளம் கொட்டினால் போட்டே பழகியவர்கள் நாங்கள். செம்மல் முடிச்சுப் போட்டான். அன்புச்செல்வி குனிந்து தாலியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பந்தலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். அவள் இரண்டு கைகளும் தோள் உயரத்துக்கு எழும்பி உதற ஆரம்பித்தன.

கடைத்தெருப் பிள்ளைகளுக்கு அது தெரிந்த வணக்கம். அவர்கள் முதலில் உதறினார்கள். அதைப் பார்த்து மெடிக்கலுக்கு வருகிற அம்மாக்கள் உதறினார்கள். தைலமரக் காட்டு அண்ணன் உதறினார். அட்சதை போட இதுதான் குறிப்புப் போலிருக்கிறது என்று நினைத்து, உதயசூரியன் இரண்டு கை அட்சதையோடும் உதற, அரிசி அவர் தலையிலேயே கொட்டியது. பந்தல் முழுக்க, சத்தமே இல்லாமல், கைகள். நானும் உதறினேன். என் கண்ணில் அட்சதை விழுந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன்.

அன்புச்செல்விக்குத் திடீரென்று நினைவு வந்தது. கைகளைப் பாதியில் நிறுத்தி, பின்னால் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கைய மடியில வைக்கணுமாம்மா?"

காத்தாயி சின்னாத்தாவின் கைகளும் தன் தலைக்கு மேலே உதறிக்கொண்டிருந்தன.

"எதுக்குடி? நல்லா ஆட்டு."